இடது காதுப் பக்கம் நின்ற நபர்

பெயர் ரங்கன், வயது 61, தகப்பனார் பெயர் காலஞ்சென்ற கஜபதி. பட்டினப்பாக்கம் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் மனைவி முத்துமாரியுடன் வசித்து வருகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்துள்ளேன், அதற்கு மேல் சொல்லிக்கொடுக்கத் தன்னிடம் ஒன்றும் இல்லை என்று வாத்தியாரே ஒப்புக்கொண்டதால் நின்றுவிட்டேன். இன்று காலை பதினோரு மணிக்கு, யாரும் அழைக்காமல் நானாக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, உதவி ஆய்வாளர் ஷகீலா மேடம் முன்னிலையில், தலைமைக் காவலர் கபாலி சார் எழுதிக்கொள்ளச் சொல்வதாவது:

இவ்வளவும் நடக்கும் என்று நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன் என்பதை முதலில் பதிவு செய்துகொள்ளவும். அண்ணன் ஆபீசுக்குள் டேப் என்கிற அந்தப் பெரிய சைஸ் செல்போன் வந்த அன்றே, மந்தைவெளி டீக்கடையில் பத்துப் பேருக்கு நடுவில், "இது ஒரு நாள் அண்ணன் மானத்த வாங்கும் பாரு" என்று சொன்னேன். கிண்டியில் எந்தக் குதிரை ஜெயிக்கும் என்பது ஒன்றைத் தவிர நான் சொல்லி நடக்காமல் போனது எதுவும் இல்லை.

அண்ணன் என்று நான் சொல்வது எங்கள் கட்சியின் மாவட்டச் செயலாளர் திரு. பொழிலரசன் அவர்களை. அவர் வட்டச் செயலாளராக இருந்த காலத்திலிருந்து இருபத்திரண்டு வருடமாக நான் அவருடன் இருந்து வருகிறேன். கல்யாணம், காதுகுத்து, சாவு எதுவானாலும் அண்ணன் உள்ளே நுழையும்போது அவருடைய இடது தோளுக்கு அரையடி பின்னால் நான் நிற்பேன். எதிரே வருகிறவர் யார், பிள்ளை எங்கே படிக்கிறது, போன வருடம் எதற்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார் என்பதை, அந்த ஆள் கை கூப்புவதற்குள் நான் காதில் போட்டுவிடுவேன். அதற்காக அண்ணன் தலையை இடது பக்கம் ஒரு நூல் அளவு சாய்ப்பார். பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. அதன் பிறகு, "இன்னாமா ஜஹனாரா, முட்டி வலி இப்ப எப்படி கீது?" என்று கேட்பார். அந்த அம்மா அங்கேயே அழுதுவிடும். வீட்டில் ஆறு ஓட்டு.

இதனால் லஸ்ஸிலிருந்து அடையாறு வரை என்னைக் காது ரங்கன் என்றே கூப்பிடுவார்கள். என் தலையில் நாற்பதாயிரம் பெயர் இருந்தது. நாற்பதாயிரமா என்று கபாலி சார் பேனாவை நிறுத்தியதால் நான்காயிரம் என்று எழுதிக்கொள்ளச் சம்மதிக்கிறேன்.

பெரிய வெள்ளத்தின்போது நானும் என் சிநேகிதன் தேசப்பனும் அவனுடைய படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வேளச்சேரிக்குப் போய் அறுபது பேரைக் கரை சேர்த்தோம். அண்ணன் ஒரு நடை அந்தப் படகில் ஏறி போட்டோ எடுத்துக்கொண்டார். அப்போது என் தோளில் கை போட்டு, "ரங்கா, நீ என் கூடப் பொறந்தவன்யா" என்றார். இதற்கு சாட்சி தேசப்பன். தேசப்பன் இப்போது உயிருடன் இல்லை.

என்னிடம் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று உண்டு. ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். ஞாபகம் தப்பினால் பார்த்துக்கொள்வதற்காக நானே எழுதி வந்தது. அதில் ஒருவர் இறந்துபோனால் இறந்தார் என்று எழுத எனக்குக் கை வராது. அதற்குப் பதிலாக அந்தப் பக்கத்தின் மேல் முனையை மடித்துவிடுவேன். அது எனக்குப் போதும். தேசப்பன் போனபோது அவன் பக்கத்தை மடிக்க எனக்கு நான்கு நாள் ஆனது.

இது இப்படி இருக்க, அண்ணன் மகள் தமிழ்மொழி பாப்பா வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து ஆபீசைக் கவனிக்கத் தொடங்கியது. மூன்று மாதத்துக்கு முன் என்னைக் கூப்பிட்டு, "அங்கிள், உங்க நோட்டைக் குடுங்க, எல்லாத்தையும் டேப்ல ஏத்திடலாம். இனிமே நீங்க வெயில்ல நின்னு கஷ்டப்பட வேணாம்" என்றது. நானும் கொடுத்தேன். அதன் பிறகு பெருங்குடியில் யாரோ ஒரு கம்பெனிக்காரர்கள், போட்டோ எடுக்க வசதியாக, மடிந்திருந்த முனைகளையெல்லாம் நிமிர்த்தி, தேய்த்து, படம் எடுத்து ஏற்றினார்கள். இதனால் இருநூற்றுப் பதினாலு பேர் டேப்பில் மறுபடியும் உயிரோடு வந்துவிட்டார்கள். மடிப்பு எதற்கு என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காமல் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. இதைக் கேட்டால் முத்துமாரி சிரிப்பாள், இருந்தாலும் எழுதிக்கொள்ளவும்.

சென்ற மாத முகூர்த்தத்தில் தேசப்பனின் மகளுக்குக் கல்யாணம். அவன் மனைவி கெங்கம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்றுத் தனி ஆளாக நின்று நடத்திய கல்யாணம். அண்ணன் வாழ்த்த வருவதாக ஏற்பாடு. அண்ணன் காரில் முன் சீட்டு என்னுடையது. அன்று காலை அந்த சீட்டில் டேப்பை சார்ஜில் போட்டு வைத்திருந்தார்கள். பாப்பா, "அங்கிள், நீங்க ஷேர் ஆட்டோல வந்துடுங்களேன்" என்றது. அண்ணன் கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். நான் ஷேர் ஆட்டோவில் போய், எப்படியோ அவருக்கு முன்னால் மண்டபம் சேர்ந்து, மேடையில் என் இடத்தில் நின்றுகொண்டேன்.

தேசப்பன் போட்டோவுக்கு மாலை போட்டு மணவறை ஓரம் ஒரு நாற்காலியில் வைத்திருந்தார்கள். அண்ணன் மைக்கை வாங்குவதற்கு முன்பே நான், "அண்ணே, தேசப்பன் தவறிட்டான், பொண்ண மட்டும் வாழ்த்துங்க" என்று அவர் இடது காதில் தெளிவாகச் சொன்னேன். நான் கடமையில் தவறவில்லை. அண்ணன் டேப்பை நம்பினார், என்னை நம்பவில்லை. மைக்கைப் பிடித்து, "என் உயிர் நண்பர் தேசப்பன் எங்கே? பொண்ணப் பெத்தவரு கீழ நிக்கலாமா? மேடைக்கு வாங்க தேசப்பன்!" என்று கூப்பிட்டார்.

நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். கல்யாணப் பெண் போட்டோவைத் திரும்பிப் பார்த்தது. அதன் பிறகு கெங்கம்மா மேடைக்குக் கீழே நின்றபடியே, "இன்னா நைனா, எங்கூட்டு ஆளு வரணுமா? அது போயி எட்டு மாசம் ஆவுது. அவ்ளோ ஆசையா கீதுன்னா நீயே போய் இட்டுக்கினு வாயேன்" என்றாள். சிலர் சிரித்தார்கள். ஒருவர் வீடியோ எடுத்தார். அது சாயந்திரத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது.

மறுநாள் தி. நகர் ஆபீஸ் வாசலில் டிவிக்காரர்கள் கேட்டபோது அண்ணன், "பக்கத்துல நின்ன யாரோ ஒரு ஆள் தப்பா சொல்லிட்டாரு. அவர் யாருன்னே எனக்குத் தெரியாது" என்று பேட்டி கொடுத்தார். அந்த நேரம் நான் அவருக்கு இரண்டடி பின்னால், அவருடைய சால்வையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். டிவியில் சால்வையும் என் கையும் தெரிகின்றன. முகம் தெரியவில்லை. சால்வையை மடித்து அவர் நாற்காலியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதன் பிறகு மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு ஆபீசுக்குப் போனேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை, வாட்ச்மேன் வணக்கம் வைத்தார். பாப்பா மேஜையில் என் நோட்டின் மேல் காபி டம்ளர் இருந்தது. டம்ளரை நகர்த்திவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் நானும் முத்துமாரியும் உட்கார்ந்து மறுபடியும் முனைகளை மடித்தோம். நான் பெயர் சொல்லச் சொல்ல அவள் மடித்தாள். முடித்தபோது, "இவ்ளோ பேரா போய்ட்டாங்க?" என்று கேட்டாள்.

அதன் பிறகு ஆபீஸ் தரப்பில் இந்த நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறார்கள். சுமார் அறுபது வயது மதிக்கத்தக்க அடையாளம் தெரியாத நபர் அலுவலகத்தில் புகுந்து கட்சி ஆவணத்தைத் திருடிச் சென்றதாக அதில் உள்ளது. கையெழுத்து அண்ணனுடையது. கபாலி சார் கேமராவில் விழுந்த, முகம் சரியாகத் தெரியாத படத்தை மந்தைவெளி டீக்கடையில் காட்டி விசாரித்தபோது நானும் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன். கடையில் இருந்த மற்ற பதினோரு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆகவே நானே வந்தேன்.

ஷகீலா மேடம் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். "பெரியவரே, புகார்ல உங்க பேர் இல்ல. நோட்டு கிடைச்சா போதும்னுதான் அவங்களும் சொல்றாங்க. இங்க வெச்சிட்டு பேசாம கிளம்புங்க" என்றார்.

"பேர எழுதிக்கோங்க மேடம். கேஸ் போடுங்க, பரவால்ல. அடையாளம் தெரியாதவன்னு மட்டும் வுட்டுடாதீங்க" என்றேன்.

"கேஸ் ஆனா உள்ள போகணும், தெரியுமில்ல?"

"உள்ளயாச்சும் பேர் சொல்லிக் கூப்புடுவாங்கல்ல மேடம்?"

மேடம் கபாலி சார் பக்கம் திரும்பி, எழுதிக்கொள்ளும்படி சொன்னார். மேற்படி நோட்டை முனைகள் மடித்த நிலையில் ஒப்படைக்கிறேன். அவற்றை யாரும் நிமிர்த்தக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதுவரை எழுதியதைக் கபாலி சார் எனக்குப் படித்துக் காட்டினார். பெயர்களெல்லாம் சரியாக இருந்தன. கல்யாண மேடை பற்றிய இடம் வந்தபோது நிறுத்தச் சொன்னேன். அந்த ஒரு வரியை அடித்துவிடச் சொன்னேன். வாக்குமூலத்தில் அடிக்கக் கூடாது, வேண்டுமானால் கீழே எழுதிக்கொள்ளலாம் என்றார். ஆகவே கீழே எழுதச் சொல்கிறேன்.

நான் அண்ணன் காதில் சொன்னேன் என்பது பொய். அன்று அண்ணன் டேப்பைப் பார்த்தார். பார்த்துவிட்டு, மைக்கை வாங்குவதற்கு முன், தலையை இடது பக்கம் ஒரு நூல் சாய்த்தார். நான் அங்கேதான் நின்றேன். தேசப்பன் போட்டோ எனக்கு நேர் எதிரே இருந்தது. மூன்று எண்ணும் வரை அந்தத் தலை சாய்ந்தே இருந்தது. என் சீட்டில் டேப் உட்கார்ந்து வந்ததுதான் அப்போது எனக்கு ஞாபகத்தில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு அவர் நிமிர்ந்து பேசினார். ஆகவே நான் தப்பாகச் சொன்னதாக அவர் சொன்னது பொய். சரியாகச் சொன்னதாக நான் சொன்னதும் பொய்.

அன்று பந்தியில் கெங்கம்மா தன் கையால் எனக்கு இலை போட்டாள். "நீ சொல்லித்தான் இருப்ப அண்ணே. அந்தாளு காதுல ஏறியிருக்காது" என்றாள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு, பாயசம் வரை சாப்பிட்டேன். அவளிடம் இதை இன்னும் சொல்லவில்லை. இங்கிருந்து வெளியே விட்டால் முதலில் அங்கேதான் போவேன்.

அந்த ஒன்றைத் தவிர மற்றவை நான் பார்த்தபடியும் செய்தபடியும் சொன்னவை. எழுதியதைப் படிக்கக் கேட்டு, முதல் வரியில் என் பெயர் பிழையில்லாமல் இருப்பதை என் கண்ணால் பார்த்துக் கையெழுத்திடுகிறேன்.

க. ரங்கன்