கத்தாழை பட்ட புண்

— தாழ்ப்பாள் போட்டாச்சு. உன் மாமியார் கீழே முலோகியாக் கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருக்காங்க, இப்போதைக்கு மேல வர மாட்டாங்க. சட்டையைத் தூக்கு, ராவ்யா.

— ஐயோ அண்ணி, விடுங்களேன். வெக்கமா இருக்கு.

— என்னடி வெக்கம்? உன் புள்ளை ஹாஸிம் பொறந்தப்போ உன் காலைப் புடிச்சுக்கிட்டு நின்னது இந்த இன்ஸாஃப்தானே? தூக்கு, என் கண்ணே.

— இந்தாங்க, பார்த்துக்குங்க. இடப்பக்கக் காம்புல. வெறும் சொறி.

— யா அல்லாஹ்! பொருக்குத் தட்டிப்போய்க் கிடக்கே. இது எப்பலேர்ந்து?

— புள்ளைக்குப் பால் மறக்கடிச்சேன்ல, அப்பலேர்ந்து. நம்ம ஊர்ல எல்லாரும் செய்யறதுதானே, நாட்டு மருந்துக் கடையில கசப்புக் கத்தாழை வாங்கித் தடவினேன். ஒரு வாய் வச்சுட்டு அந்தப் பய மூஞ்சியைச் சுளிச்சானே, பார்த்திருக்கணும் நீங்க! அந்தச் சனியன் புடிச்ச கத்தாழைதான் தோலைப் பொசுக்கிடுச்சு.

— அது நோன்புக்கு முன்னாடி. இப்போ ஹஜ்ஜுப் பெருநாளே போயிடுச்சு. கத்தாழைப் புண்ணு இத்தனை மாசமாவா ஆறாம இருக்கும்?

— களிம்பு வாங்கித் தடவறேன் அண்ணி. கொஞ்சம் அடங்குது, விட்டா திரும்ப அரிக்குது.

— மருந்துக்கடைக்காரர்கிட்ட என்னன்னு சொல்லி வாங்கினே?

— அந்த ஆம்பளைகிட்ட எப்படிச் சொல்றது? முழங்கையில சொறின்னு சொன்னேன்.

— முழங்கையிலயா!

— சிரிக்காதீங்க.

— யாருடி சிரிச்சா? துணியில கறை படுதா?

— படுது. மஞ்சளா. ஒண்ணு ரெண்டு தடவை ரத்தம் மாதிரி... ஏன் அப்படிப் பார்க்கறீங்க? பயமா இருக்கு அண்ணி.

— சந்தைப் பக்கம் பொம்பளைங்களுக்குன்னு ஒரு ஆஸ்பத்திரி வண்டி வந்துச்சே, அதுல டாக்டரம்மா சொன்னாங்க. ஒரு பக்கக் காம்புல மட்டும் சொறி மாதிரி வந்து, களிம்புக்கும் ஆறலேன்னா சும்மா விட்டுடாதீங்கன்னு. அந்தக் கெட்ட நோய், அதான் மார்புல வர்ற புத்துநோய், சில பேருக்கு இப்படியும் வருமாம்.

— வாயைக் கழுவுங்க! கட்டியே இல்லையே எனக்கு. நல்லா அமுக்கிப் பார்த்துட்டேன்.

— கட்டி தட்டுப்படலேன்னாலும் வந்து காட்டச் சொன்னாங்கடி. நாளைக்குக் காலையில தன்தா டவுன் பெரியாஸ்பத்திரிக்குப் போவோம். உன் அண்ணனை வண்டி எடுத்துட்டு வரச் சொல்றேன். துளி தோலை எடுத்துப் பார்ப்பாங்க, அது என்னன்னு தெரிஞ்சிடும்.

— நான் வரலை. போனா வெட்டிடுவாங்க. என் புள்ளைக்கு இப்பத்தான் ரெண்டு வயசு முடிஞ்சிருக்கு. நான் செத்துட்டா அவனை யாரு பார்ப்பா? வர மாட்டேன். கத்தாழைன்னு சொல்றேன்ல!

— அழாதே. சரி, கத்தாழைன்னே வச்சுக்குவோம். வலப்பக்கத்தைக் காட்டு.

— இந்தாங்க. ஒண்ணுமே இல்லை, பாருங்க.

— ஆமா, ஒண்ணும் இல்லை. ரெண்டு பக்கமும் தடவின கத்தாழை ஒரு பக்கத்தை மட்டும் எப்படிடி பொசுக்கும்?

— ரெண்டு பக்கமும் எங்க தடவினேன்? ஒரு பக்கம்தான்.

— எந்தப் பக்கம்?

— அவன் குடிச்சுக்கிட்டிருந்த பக்கம். வலப்பக்கம்... அண்ணி, இடப்பக்கத்தைத்தான் அவன் அதுக்கு முன்னாடியே வாய் வைக்க மாட்டேன்னு தள்ளிட்டானே. அதுல நான் கத்தாழையே தடவலை.