பயணிகள் எண்ணிக்கை: ஒன்று

மேடம், கணினியில் பார்த்ததை எல்லாம் அழிப்பது பெரிய வித்தை இல்லை. மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒரு பெட்டி வரும். எப்போதிலிருந்து என்று கேட்கும். ‘எல்லாக் காலமும்’ என்பதைத் தேர்ந்தெடுத்து ஒரு தடவை தட்டினால் போதும். அரிசி களையும் நேரம்கூட ஆகாது.

நீங்கள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து விசாரிக்க வந்த அன்று என்னால் பேச முடியவில்லை. பள்ளியிலும் சங்கவி என்று கூப்பிட்டால் நான் ‘உள்ளேன்’ என்பதற்குள் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். எழுத்தில் அந்தத் தடை இல்லை. அதனால் இந்த நோட்டில் எழுதுகிறேன்.

இந்தத் தீவில், ஹட் பேயில், கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிக்குப் போகும் சாலையில் எங்கள் கடை. ஜெராக்ஸ், கப்பல் டிக்கெட், தேர்வு முடிவு. பெயருக்கு அண்ணன் யோகராஜின் கடை. கணினி முன்னால் உட்காருவது நான். வீடு கடைக்குப் பின்னால். தனி வாசல் இல்லை, யார் வந்தாலும் போனாலும் கடை வழியாகத்தான்.

ஒவ்வொருவரும் எழுந்து போனதும் அவர் பார்த்ததை அழித்துவிடுவேன். யாரும் சொல்லித் தரவில்லை. பத்தாவது படிக்கும்போது என் நோட்டை எடுத்து வகுப்பில் சத்தமாகப் படித்தார்கள். அந்த வருடத்தோடு பள்ளியை விட்டுவிட்டேன். அடுத்தவர் விஷயம் வெளியே போகக் கூடாது என்பது எனக்கு அன்றே புரிந்துவிட்டது.

கடைக்கு வருகிறவர்களுக்கும் இது தெரியும்.

“ஏ புள்ள, நா பாத்தத தொடச்சிட்டியா?” என்று வேலாயி அக்கா கேட்பாள். “தலைக்குப் பூசுற மை தேடுனேன்னு என் மருமகளுக்குத் தெரிஞ்சா ஹட் பே பூரா தெரிஞ்ச மாதிரி.”

“தொடச்சாச்சுக்கா.”

“அப்ப எனக்கும் மெயின்லேண்டுலேருந்து வந்த என் தங்கச்சிக்கும் ஒரே டிக்கெட்டா போடு.”

“அவங்களுக்குத் தீவு அட்டை இல்லியே. தீவுக்காரங்களுக்குக் கட்டணம் வேற. தனித்தனியாத்தான் போடணும்.”

“கூடப் பொறந்தவளையே பிரிச்சி வைக்குது பாரு இந்த மெஷினு.”

திவ்யா அண்ணியும் மெயின்லேண்டுதான், பரமக்குடி. கல்யாணமாகி இரண்டு வருடம், இன்னும் தீவு அட்டை வாங்கவில்லை. அண்ணன் கை வைத்த மறுநாள் எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் முழுக்கைச் சுடிதார் போடுவாள். அவளுடைய போனை அவன் தினமும் வாங்கிப் பார்ப்பான். அதனால் அவன் கப்பல் வரும் நேரத்தில் ஜெட்டிக்குப் போனதும் கடைக் கணினியில் வந்து உட்காருவாள். எழும்போது, “அழிச்சிருடி” என்பாள். பெண்களுக்கான உதவி எண், போர்ட் பிளேரில் தங்கும் விடுதி, நர்ஸ் உதவியாளர் வேலை. இரண்டு மாதம் ஒரு நாள் தவறாமல் அழித்தேன். அழிப்பதற்கு முன் படிப்பேன். படிக்காமல் எதை அழிக்கிறோம் என்று எப்படித் தெரியும்?

என் நோட்டுகளை நானாகக் காட்டிய ஒரே ஆள் அவள்தான். “தாள்ல இந்த வாய் வாயாடுற. நேர்ல மட்டும் ஏன்டி பூனை கணக்கா இருக்க?” என்று சிரிப்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் அவள் கப்பல் டிக்கெட் எடுத்தாள். வழக்கம்போல, “அழிச்சிருடி” என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள். நான் பார்த்தேன். பெயர்: திவ்யா. பயணிகள் எண்ணிக்கை: ஒன்று. இன்னொரு தடவையும் பார்த்தேன். ஒன்றுதான். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் அண்ணனும் நானும் மட்டும்.

அழிக்க மறந்துவிட்டேன் என்று முதலில் எழுதி, அடித்துவிட்டேன். மறக்கவில்லை. பக்கத்தை அப்படியே திறந்து வைத்தேன். டிக்கெட்டை ரத்து செய்வான், இரண்டு அடி அடிப்பான், அண்ணி இங்கேயே இருப்பாள். அவ்வளவுதான் நான் விரும்பியது.

மூன்று மணிக்கு அண்ணன் வந்தான். பார்த்தான். கத்தவில்லை. உட்கார்ந்து ஏதோ தட்டினான். பிறகு உள்ளே குரல் கொடுத்தான்.

“திவ்யா, சலோ, அலைதடுப்புப் பக்கம் போயிட்டு வரலாம். காத்து நல்லா இருக்கு.”

இரண்டு வருடத்தில் அவளை அவன் எங்கேயும் கூட்டிப் போனதில்லை. அவள் வந்து வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். அழித்தாயா என்று கண்ணால் கேட்டாள். ஆமென்று தலையாட்டினேன்.

அவர்கள் கிளம்பியதும் அவன் தட்டியது என்ன என்று பார்த்தேன். அன்றைக்குக் கடல் ஏற்றம் எத்தனை மணிக்கு என்று தேடியிருந்தான். ஸ்கூட்டர் சத்தம் அப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது. கடையில் நான்கு பேர் இருந்தார்கள். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடியிருப்பார்கள். நான் மூன்று விசைகளை அழுத்தினேன். எல்லாக் காலமும்.

ஒரு மணி நேரத்தில் முழங்கால்வரை நனைந்து அவன் தனியாக வந்தான். அலை இழுத்துவிட்டது என்றான். நீங்களும் அப்படித்தான் எழுதிக்கொண்டீர்கள். கணினி ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டீர்கள். கடையில் இருந்த எல்லோரும் எனக்காகப் பதில் சொன்னார்கள்: “அந்தப் புள்ள எப்பவும் அழிச்சிரும் மேடம்.”

அண்ணன் இப்போது என்னிடம் நன்றாகவே பேசுகிறான். வெளியே போகும்போது மட்டும் கடையை வெளிப்பக்கமாகப் பூட்டிக்கொண்டு போகிறான்.

அண்ணி போன மூன்றாம் நாள் எழுதலாம் என்று நோட்டைத் திறந்தேன். நடுப்பக்கத்தில், சில நாளாகக் காணாமல் தேடிய என் தீவு அட்டை இருந்தது. அதோடு ஜெட்டி கவுண்டரில் எடுத்த ஒரு டிக்கெட். அதே கப்பல். பெயர்: சங்கவி. வயது: பத்தொன்பது. பயணிகள் எண்ணிக்கை: ஒன்று. திங்கட்கிழமை தேதி போட்டிருந்தது. மீன் வாங்கப் போகிறேன் என்று அண்ணி போனாளே, அன்று. என்னுடையதைத்தான் முதலில் எடுத்திருக்கிறாள்.

தனித்தனியாகத்தான் போட வேண்டும் என்று இந்த ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அந்தச் செவ்வாய்க்கிழமை அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

டிக்கெட்டைச் சின்னச் சின்னதாகக் கிழித்து அடுப்பில் போட்டேன். அண்ணி என்னைப் பற்றி என்ன நினைத்திருந்தாள் என்பது அவளுடைய சொந்த விஷயம். அதை யாரும் பார்க்கக் கூடாது.