குழாய் முனையில் புகை இல்லை

முதலில், கை கழுவ விட்டதற்கு நன்றி. உங்கள் அலுவலகத்துச் சோப்பு நல்ல சோப்பு. கழுவிய பிறகு வாசனை ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. என் கடையிலும் இப்படித்தான் பார்த்துப் பார்த்து வாங்கி வைத்திருக்கிறேன். நாளுக்கு எத்தனை தடவை கழுவுகிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். என் தொழிலை ஒரு வாரம் செய்து பார்த்தால் சிரிக்க மாட்டீர்கள்.

பெயர் வெர்னன் ஸ்டிராட். சால்ட் வெல்ஸ் ஊரில் டீசல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை செய்யும் உரிமம் என் ஒருவனிடம்தான் இருக்கிறது. கலிபோர்னியாவில் வண்டி ஓட்ட வேண்டுமென்றால் மாநில அரசு சொன்ன அளவுக்கு மேல் புகை விடக் கூடாது. மோட்டார்ஹோம் என்கிற வீட்டுவண்டிக்கும் விலக்கு இல்லை. நான் இதுவரை யாரிடமும் கை நீட்டியதில்லை, என் மேல் ஒரு புகாரும் கிடையாது. இதை நீங்கள் எழுதிக்கொண்டால் நல்லது.

குளிர்காலம் பிறந்தால் வீட்டுவண்டிக்காரர்கள் எங்கள் பாலைவனத்துக்குப் படையெடுத்து, ஊருக்கு வெளியே வரிசையாக வண்டியை நிறுத்தி முகாம் போடுவார்கள். எல்லாம் ஓய்வு பெற்ற கிழங்கள். அடுப்பு, படுக்கை, கக்கூஸ் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில். கழிவுத் தொட்டிக்கு நேர் மேலே நின்றுகொண்டு பன்றிக்கறி வறுப்பார்கள். அதைச் சுதந்திரம் என்று வேறு சொல்லிக்கொள்வார்கள். சோதனையின்போது ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதிப்பவன் நான். அந்த இருக்கைகளை நீங்கள் பார்க்க வேண்டும். நாய் முடி, ரொட்டித் துகள், வருஷக்கணக்கான வியர்வை. ஒரு வண்டியில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே டம்ளரில் பல் செட் கிடந்தது. நான் மிதிக்க மிதிக்க அது தண்ணீருக்குள் குலுங்கிச் சிரித்தது.

அந்தப் பல் செட் கிளைவ் மெக்கார்டிலுடையது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி பெயர் ஓபல். சொந்த வீட்டை விற்றுவிட்டு, வருஷம் முழுக்க அந்தப் பழைய வண்டியிலேயே குடியிருந்தார்கள். இந்தக் குளிர்காலம் முதல் தடவை வந்தபோது, நான் மிதித்ததும் பின்னால் கறுப்புப் புகை கக்கியது. தேறவில்லை என்று சொன்னேன்.

“கொஞ்சம் கண்ண மூடிக்கோயேன் வெர்னன். இத விட்டா எங்களுக்கு வேற வீடு ஏது?” என்றார் கிளைவ்.

“ரிப்பேர் பண்ணிட்டு வாங்க.”

“ரிப்பேர் பண்ண வேண்டியது வண்டிய இல்லப்பா, உன் மூஞ்சிய. பேதி மருந்து குடிச்சவன் மாதிரியே வச்சிருக்க.”

ஓபல் வண்டிப் படியில் நின்று வயிறு குலுங்கச் சிரித்தாள். “அவரு கெடக்காரு, நீங்க மனசுல வச்சுக்காதீங்க தம்பி. இந்தாங்க, பிஸ்கட்டும் கிரேவியும். இப்பத்தான் இறக்குனேன்.” நீட்டிய தட்டில், ரொட்டி மேல் ஊற்றிய அந்தக் கறிக்குழம்புக்குள் அவள் கட்டைவிரல் முங்கியிருந்தது. நான் வாங்கவில்லை. அவள் அந்த விரலைச் சப்பிக்கொண்டு, அதே கையால் என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அந்தச் சட்டையை அன்றைக்கே குப்பையில் போட்டேன்.

அவர்கள் போன பிறகுதான் நாற்றம் வந்தது. கடைக்குப் பின்னால் வண்டியைத் திருப்பிய இடத்தில் கழிவுத் தொட்டியின் மூடி கழன்று, உள்ளிருந்தது அத்தனையும் என் கான்கிரீட்டின் மேல் கொட்டியிருந்தது. வேண்டுமென்றே செய்ததாக நான் சொல்லவில்லை. மூடி லூஸாக இருந்திருக்கும். அவர்களிடம் எல்லாமே லூஸ்தான். பிளீச்சிங் பவுடர் போட்டு நானே தேய்த்தேன். பல நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஒருவன் வயிற்றிலிருந்து வந்ததை இன்னொருவன் முழங்கால் போட்டுத் தேய்க்கிறான் என்றால் அது என்ன சுதந்திரம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த வாரம் திரும்ப வந்தார்கள். ரிப்பேர் ஒன்றும் செய்யவில்லை. அடியில் குனிந்து டார்ச் அடித்ததுமே தெரிந்தது. அந்த மாதிரி வண்டிகளில் இன்ஜின் பின்பக்கம் இருக்கும், அதற்கு நேர் மேலே படுக்கை. இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் குழாயில் இணைப்பை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் ஒன்று உண்டு. அதைக் கழற்றிக் குழாயை விலக்கிவிட்டால் புகை நடுவழியிலேயே வெளியேறிவிடும், முனைக்கு வந்து சேருவது கொஞ்சம்தான். என் கருவி முனையில்தான் அளக்கும். முகாமில் இது எல்லோருக்கும் தெரிந்த தில்லுமுல்லு. சோதனை முடிந்ததும் ஓரமாக நிறுத்தி மறுபடி முடுக்கிக்கொள்வார்கள். இப்படி வருகிறவர்களை எல்லாம் நான் அதே நிமிஷம் திருப்பி அனுப்பியிருக்கிறேன். விதியும் அதைத்தான் சொல்கிறது.

அன்றைக்கு அனுப்பவில்லை. ஏறி உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது. வீட்டுவண்டிக்காரர்களின் வழக்கம் அது. தண்ணீர்க் குழாயைப் பிடுங்கவில்லை, படியை மடக்கவில்லை என்று வெளியே ஏதாவது வேலை பாக்கி இருந்தால் ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி கட்டுவார்கள். வேலையை முடித்த பிறகுதான் அவிழ்ப்பார்கள்.

“எதுக்கு இது?” என்று ஓபலிடம் கேட்டேன். எதற்கென்று எனக்குத் தெரியும்.

“நான்தான் கட்டச் சொன்னேன். இந்த மனுஷனுக்கு ஞாபகம்னா என்னன்னே ஞாபகம் இல்ல. கண்ணாடிய நெத்தியில வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடுவாரு.” பிறகு அவளாகவே பேசிக்கொண்டு போனாள். தனியாக இருப்பவர்கள் அப்படித்தான், கேட்காமலே கொட்டுவார்கள். “கேஸ் ஹீட்டர் வேற போயிடுச்சு தம்பி. ராத்திரி பூரா இன்ஜின ஓட விட்டுத்தான் படுக்குறோம். அடியிலயே ஓடுதா, தொட்டில்ல போட்டு ஆட்டுற மாதிரி சொகமாத் தூக்கம் வருது.”

மேலே பார்த்தேன். புகை வந்தால் கத்தும் அலாரம் மூடி திறந்து தொங்கியது.

“அந்தச் சனியனா?” என்றாள் ஓபல். “கறி வறுத்தாலே கத்தும். பேட்டரியப் பிடுங்கி ரேடியோவுக்குப் போட்டுட்டேன்.”

நான் மிதித்தேன். முனையில் புகை இல்லை. வண்டி தேறியது என்று கருவி காட்டியது. கருவி காட்டியதைத்தான் நான் எழுதினேன்.

இறங்குவதற்கு முன் அந்தத் துணியை அவிழ்த்தேன். சோதனை முடிந்து ஓட்டப்போகும் வண்டியின் ஸ்டியரிங்கில் துணி தொங்குவது பாதுகாப்பு இல்லை. என் பையில் போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். அது எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது, மறுபடி இரண்டு கையையும் கழுவ வேண்டியிருந்தது.

கிளைவ் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “பார்றா, நம்ம வெர்னனுக்கு மனசு இருக்கு! ஓபல், நான் சொல்லல?”

“ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க தம்பி” என்றாள் அவள். “உங்களுக்கும் யாரும் இல்ல போல.”

சந்தோஷத்தில் கிளைவ் கிளாம்பை முடுக்க ஓரமாகக்கூட நிறுத்தவில்லை. நேரே முகாமுக்குப் போய்விட்டார். அன்று இரவு நல்ல குளிர்.

ஏன் செய்தேன் என்று சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள். அவர்கள் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. காற்று எல்லோருக்கும் பொது. அதை அசிங்கம் செய்துவிட்டு மற்றவர்கள் மூச்சில் தள்ளிவிடுவது இவர்கள் வழக்கம். ஒரு தடவை அவரவர் புகையை அவரவரே சுவாசித்துப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். கணக்கு நேரானது. அதில் கோபம் எதுவும் கிடையாது.

மறுநாள் காலை கடை திறக்கும் முன் முகாம் பக்கம் போனேன். ஆமாம், பார்க்கத்தான் போனேன், மறைக்கவில்லை. அவர்கள் வண்டி வரிசையின் கடைசியில் தனியாக நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து புகை கசிந்து சக்கரங்களைச் சுற்றிப் படர்ந்திருந்தது. ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. நான் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது படுக்கைப் பக்கத்துத் திரை ஒரு தடவை விலகியது. விரல்கள் தெரிந்தன, கண்ணாடியை மெதுவாகத் தட்டின. ஓபலின் விரல்கள் அவை. தட்டும்போது கண்ணாடியில் பிசுக்கு அப்பிக்கொண்டது. கைக்குட்டையை இன்னும் அழுத்திப் பிடித்தேன். அங்கே நிற்க முடியாமல் கிளம்பி வந்துவிட்டேன். கதவில் பூட்டு இருந்ததா என்றால், இல்லை. அவர்கள் பூட்டுகிற ஜாதி இல்லை.

எதற்காவது வருத்தப்படுகிறாயா என்று கடைசியாகக் கேட்டீர்கள். ஒன்றே ஒன்றுக்கு. டீசல் தீரும்வரை, சாயங்காலம் வரைக்கும் அந்த இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்ததாம். அது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். காலையிலேயே நான் கதவைத் திறந்து உள்ளே போய் அணைத்திருக்க வேண்டும். அவ்வளவு புகையும் காற்றில்தான் போய்க் கலந்திருக்கும்.