ஸ்டோரை இடிக்கத் தீர்மானம்

பசறையிலிருந்து பதுளைக்கு வந்த பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் கையில் கட்டுப் போட்ட ஒரு தோட்டத் தொழிற்சங்கத் தலைவரும் அவருடைய மச்சானும்.

“வெள்ளைக்காரன் கட்டின பழைய தேயிலை ஸ்டோர் எந்த நேரமும் விழுந்துரும், உடனே இடிக்கணும்னு நேத்து தீர்மானம் போட்டுட்டோம், மச்சான்.”

“கூட்டம் எங்க வச்சீங்க?”

“அதுக்குள்ளதான். கொட்டுற மழையில தோட்டத்துச் சனம் மொத்தமும் வேற எங்க உட்காரும்?”

“கையில என்ன கட்டு?”

“எவ்வளவு மோசம்னு காட்டுறதுக்குச் சுவத்துல ஓங்கிக் குத்தினேன். சுண்ணாம்புகூட உதிரல.”

“சரி, எப்ப இடிக்கிறீங்க?”

“தை மாசம் நம்ம புள்ள கல்யாணம் இருக்குல்ல? பந்திக்கு வேற எடம் ஏது? அது முடியட்டும்னு தீர்மானத்துல ஒரு வரி சேர்த்தேன்.”

“அது முடிஞ்சதும்?”

“சங்கச் செயலாளருக்கு மூணு பொண்ணு. அவரும் மூணு வரி சேர்த்துட்டாரு.”