மூன்று பள்ளம் மட்டும்

போர்ட் லூயிஸ் தபால் நிலைய வரிசையில் எனக்கு முன்னால் ஓர் அக்காவும் தம்பியும் நின்றார்கள். லண்டனுக்குப் போகவேண்டிய தம்பியின் ஆய்வேடு, உறையிலிட்டு, அக்காவின் கையில் இருந்தது.

“அனுப்பாதக்கா, அது பொய்.”

“ஆயோ! மூணு தடவை டைப் அடிச்சிருக்கேன். எது பொய்?”

“பாலிதீன் மூலக்கூறு நீளமான சங்கிலி. ஒவ்வொரு கண்ணியும் எந்தக் கோணத்துலயும் திரும்பும். கோணத்துக்கு ஏத்தபடி ஆற்றல் மேடும் பள்ளமுமா மாறிக்கிட்டே இருக்கும். நான் ஆற்றல் குறைஞ்ச மூணு பள்ளத்த மட்டும்தான் கணக்குல எடுத்தேன்.”

“எல்லாக் கோணத்தையும் ரெண்டு வருஷமா கணக்குப் போட்டியே, முடிஞ்சுதா?”

“இல்ல.”

“மூணுல?”

“முடிஞ்சுது. சோதனையோட ஒத்தும் போச்சு. ஆனா மத்த கோணத்த விட்டுட்டேன்னு ஒரு வரியாவது சொல்லணுமேக்கா.”

அக்கா உறையை ஜன்னலுக்குள் தள்ளினாள்.

“மூணு நாளா நீ புலம்பினத அப்படியே கடைசிப் பக்கத்துல டைப் அடிச்சிட்டேன். வா, வக்குவாவுக்குப் போற பஸ் கிளம்பிடும்.”