மணிக்கட்டில் மூன்று விரல்

அன்று என் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், ஹர்ஷா, கதிர்வேல், சாஹில். மில்லில் நைட் ஷிஃப்டை விட்டு நின்ற பிறகும் எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. அதனால் பேச்சுத்துணைக்கு ஆட்கள் வருவார்கள். கரண்ட் போயிருந்தது. கதை சொன்னது சாஹில். அவன் அக்கா ரிஃபானாவின் கணவர் ரசாக்குக்கு நடந்தது.

ராத்திரி ஒன்பது மணி. கிணத்துக்கடவைத் தாண்டி, தென்னந்தோப்புக்குள் போகும் மண்பாதை. விளக்கு கிடையாது. ரசாக்கின் பைக் சத்தம் மட்டும்... தோப்பு வீட்டில் செல்லாத்தாள் என்ற அம்மா நுரையீரல் கெட்டுப் படுத்திருந்தார். இரவில் அவரைப் பார்த்துக்கொள்வது ரசாக்கின் வேலை.

“மூச்சை எண்ணறது அவங்களுக்குத் தெரியக்கூடாது,” என்றான் சாஹில். “நாடி பாக்கற மாதிரி மணிக்கட்டைப் பிடிச்சுக்கோணும். கண்ணு நெஞ்சு மேல. நல்லா இருக்கறவங்களுக்கு நிமிசத்துக்குப் பன்னெண்டுல இருந்து இருபது.”

“தெரிஞ்சா என்ன, மூச்சு வெக்கப்படுமா?” ஹர்ஷா சிரித்தான்.

“மாறிப்போகும். ரத்தத்துல கெட்ட காத்து ஏறுனா மூளையே இழுக்கச் சொல்லும். நாம தூங்குனாலும் அது தூங்காது. கவனிச்சமுன்னா வேலை நம்ம கைக்கு வந்துரும். இப்ப உன்னோடதைப் பாரு.”

ஹர்ஷா சிரிப்பதை நிறுத்தினான்.

அன்று செல்லாத்தாள் பேசிக்கொண்டே இருந்தார். எண்ணிக்கை தவறிக்கொண்டே இருந்தது. ரசாக் எரிச்சலில் சொல்லிவிட்டார்: “பேசாதீங்கம்மா. மூச்சை எண்ணிட்டிருக்கறனுங்க.”

அவ்வளவுதான். அந்த அம்மா வாயை மூடினார். ஒவ்வொரு மூச்சையும் தானே இழுத்து, தானே விட்டார்... கண்ணை மூடவே இல்லை.

“தூங்கிட்டா மூச்சை ஆரு இழுக்கறது கண்ணு?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

விடியும்போது தூங்கினார். நெஞ்சு எழவில்லை.

அடுத்த வாரம், ரசாக் தன் வீட்டில் படுத்திருந்தார். அந்தத் தோப்பு வீட்டின் கொப்பரை வாசம். கூடவே செல்லாத்தாளின் தைல வாசம். மணிக்கட்டில் மூன்று விரல்... சில்லென்று. மனைவி என்று நினைத்து வாயைத் திறந்தார்.

“பேசாத கண்ணு. எண்ணிட்டிருக்கறேன்.”

அன்றிலிருந்து ரசாக் தூங்கினால் மூச்சு நின்றுவிடுகிறது. டாக்டர்களுக்குக் காரணம் பிடிபடவில்லை. ரிஃபானா பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தட்டுவாள். ஒரு இழுப்பு. மறுபடி தட்டு. அவள் அசந்தால் சாஹில்.

இருட்டில் நாங்கள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. யாருடையதும் ஒழுங்காக இல்லை.

சாஹில் எழுந்து செருப்பைத் தேடினான்.

“அக்காதான் இப்ப உக்காந்திருக்காங்களா?” கதிர்வேல் கேட்டான்.

“அக்கா தூங்கறா.”

“டேய், அப்ப மச்சான்?”

“போன வாரம் ரெண்டு பேரும் அசந்து தூங்கிப்போட்டோம். செத்திருப்பாருன்னு ஓடிப்போய்ப் பாத்தா மூச்சு ஓடிட்டிருக்குது. மணிக்கட்டுல மூணு விரல் அழுத்துன குழி... அதுக்கப்புறம் நாங்க தட்டறதில்ல.”

“எத்தனை நாளைக்குடா?”

“அந்தம்மா எண்ணி முடிக்கற வரைக்கும்.”

அவன் படியிறங்கினான். நான் கதவைச் சாத்திப் பூட்டினேன்.