சங்கு வளையல் உடைந்த சத்தம்

நீங்க எல்லாரும் நாளைக்குக் கேமராவைத் தூக்கிக்கிட்டு ஊருக்குள்ள போகப்போறவங்க... அதனால ஒரு குட்டிக் கதை சொல்லிட்டு உக்காந்துடறேன். நடந்ததான்னு தேடாதீங்க. கதைதான்.

வங்காளத்துல சுகோமல்னு ஒரு டைரக்டர். ஒரே குடும்பத்தோட கதையை மூணு படமா எடுத்தார். பத்து வருஷ உழைப்பு. பேர் பெத்த நடிகர் ஒருத்தர்கூடக் கிடையாது, கிராமத்து ஜனங்களையே நடிக்க வெச்சார். மூணு படத்துலயும் அம்மாவா வந்தது ஹேமாங்கினி. நிஜத்துல படகோட்டி நிவாரணோட பொண்டாட்டி.

மூணாவது படத்துல, கதைப்படி புருஷன் செத்துப்போறான். அம்மா கையில இருக்கிற சங்கு வளையலை உடைக்கணும். நமக்குத் தாலி எப்படியோ, அவங்களுக்குச் சங்கு வளையல் அப்படி. தானா கீறல் விட்டாக்கூட 'உடைஞ்சுது'ன்னு வாயால சொல்ல மாட்டாங்க... 'பெருகிடுச்சு'ம்பாங்க. அவ்வளவு பயம்!

சுண்ணாம்புல பொய் வளையல் செஞ்சு வெச்சிருந்தாங்க. அடிச்சா, பொலபொலன்னு உதிருது. சத்தமே இல்லை. சுகோமலுக்கு மனசு ஆறலை.

"அக்கா... உங்க கையில இருக்கிறதையே உடைச்சுடலாமா? ஒரே ஷாட்."

"வேண்டாம் தம்பி. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில ரத்தமா இருமிக்கிட்டுக் கிடக்கார். இப்பப் போயி..."

"படம்தானே அக்கா? பத்து வருஷமா உங்களுக்குத் தம்பியா இருக்கேன். எனக்காக."

தம்பின்னு சொல்லிட்டானே... என்ன பண்ணுவா? படிக்கல்லுல கையை ஓங்கி அடிச்சா. சங்கு உடைஞ்சுது. ஒரு அலறல் போட்டா பாருங்க... அது நடிப்பா? நடிப்பாய்யா அது? 'கட்' சொல்லக்கூட மறந்து நின்னுட்டாராம் டைரக்டர்.

அன்னிக்கே புது வளையல் வாங்கிப் போட்டுவிட்டாங்க. சரியாப்போச்சா? மூணு மாசத்துல நிவாரண் போயிட்டான். காசநோய். உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஊர் என்ன சொல்லிச்சு? "உசிரோட இருக்கிறப்பவே உடைச்சவதானே!" ஊர் சொன்னாக்கூடப் போகட்டும்... அவளே அதை நம்பினா.

ஆத்தங்கரையில பொம்பளைங்க சேர்ந்து வளையலை உடைச்சாங்க. ஹேமாங்கினி கண்ணுல பொட்டுத் தண்ணி இல்லை. பக்கத்து வீட்டுக்காரி தோளைப் புடிச்சு உலுக்கினா. "வாய்விட்டு அழுதுடேன்டி!"

அவ என்ன சொன்னா தெரியுமா?

"அழுதுட்டேன் அக்கா... அதைப் படம் புடிச்சு எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க."

ஐம்பது வருஷம் ஆச்சு. பழைய பிலிமைத் துடைச்சு, கீறல் நீக்கி, ஊர் ஊரா அந்த மூணு படத்தையும் ஓட்டுறாங்க. உங்களை மாதிரிப் பிள்ளைங்க நோட்டு வெச்சுக்கிட்டுப் படிக்கிறாங்க. அந்த அலறல் வர்ற இடத்துல தியேட்டரே எழுந்து நின்னு கைதட்டுது. நான் அங்க இருந்தா நானும் தட்டியிருப்பேன். அதுதான் எனக்குப் பயமா இருக்கு.

சுகோமல் கெட்டவன் இல்லைங்க. படத்து மேல அவ்வளவு ஆசை... அவ்வளவுதான். உங்களுக்கும் அந்த ஆசை இருக்கு, கண்ணுல தெரியுது. இருக்கட்டும். ஆனா எதிர்ல நிக்கிறவங்க 'வேண்டாம் தம்பி'ன்னு சொன்னா... நிறுத்திடுங்க. சத்தம் சரியா வராம போகட்டும். படம் ஒரு படி குறைஞ்சே போகட்டும். அவங்க வீட்டுச் சாவுக்கு அவங்க அழ... கொஞ்சம் கண்ணீரை அவங்ககிட்டயே விட்டுட்டு வாங்க.